செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் கரி இன்ஜின் ஓடிய கடைசிக் காலம்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கழுதுருட்டிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கழுதுருட்டியில், பதிமூன்று கண் பாலத்திலிருந்து நடக்கிற தூரம். பூர்வீகம் தென்காசிப் பக்கம், ரப்பர் எஸ்டேட் வேலைக்காக அப்பா காலத்தில் இங்கே வந்து தங்கிவிட்டோம். அம்மாவின் அப்பா செங்கோட்டை லோகோ ஷெட்டில் (இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கிற இடம்) ஃபயர்மேனாக, அதாவது இன்ஜின் அடுப்பில் கரி போடுபவராக இருந்தவர். 1984-ல் ஓய்வு பெற்றார், நான் சின்னப் பையனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அவரைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் இரண்டே விஷயம்தான். வலது முன்கையில் முழங்கை வரைக்கும் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்புகள், அப்புறம் எந்த வீட்டு அடுப்பில் புகை வந்தாலும் நின்று அதன் நிறத்தைப் பார்ப்பார். கருப்பாக வந்தால் முகம் சுளிப்பார்.

போன மாதம் ஆச்சி வீட்டில் பழைய தகரப் பெட்டியைத் திறந்தோம். ஒரு கை விளக்கு, கரி படிந்த ஒரு தலைத்துண்டு, அப்புறம் பித்தளையில் ஒரு கனமான திருகு. கட்டைவிரல் அளவை விடக் கொஞ்சம் பெரியது, ஒரு முனையில் சதுரத் தலை, உடம்பெல்லாம் மரை, நடுவில் ஓட்டை. அது எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தார்.

நான் கேட்க நினைப்பது இதுதான். மலையில் ஃபயர்மேன் வேலை எப்படி இருக்கும்? மலையைக் குடைந்த அந்த ரயில் குகைக்குள் புகையோடு எப்படிப் போனார்கள்? இங்கிலாந்தில் கரி இன்ஜினை 1968-லேயே நிறுத்திவிட்டார்களாம், நம் நாட்டில் மட்டும் தொண்ணூறுகள் வரை ஏன் இழுத்தார்கள்? என் நண்பன் ஒருவன் "நாம பின்தங்கின நாடு, அதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

ஷெட் கலாசி

தம்பி, நான் 1977-ல் ஷெட்டில் கலாசியாக (கடைநிலை உதவியாளாக) சேர்ந்து, கிளீனர், செகண்ட் ஃபயர்மேன் என்று ஏறி வந்தவன். உங்கள் தாத்தாவோடு வேலை பார்த்தேனா என்று பெயர் தெரியாமல் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கைத்தழும்பு எங்கள் எல்லோருக்கும் உண்டு. அடுப்புக் கதவு திறக்கும்போதெல்லாம் அனல் அந்தக் கையில்தான் அடிக்கும்.

வேலை வண்டி புறப்படும்போது தொடங்குவது இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கால் பாய் புத்தகமும் விளக்குமாக வீட்டு வாசலில் வந்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான், கையெழுத்துப் போட வேண்டும், அப்போதிருந்தே டூட்டி மனசில் ஏறிவிடும். ஆறிக் கிடக்கிற இன்ஜினுக்கு விறகும் எண்ணெயில் நனைத்த காட்டன் வேஸ்ட்டும் போட்டுத் தீ மூட்டினால் ஸ்டீம் ஏறப் பல மணி நேரம் ஆகும். அதற்கென்றே ஷெட்டில் ஆட்கள் உண்டு. நாங்கள் போய் ஏறும்போது ஸ்டீம் தயாராக இருக்க வேண்டும். அப்புறம் பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டுகிற தண்ணீர் கண்ணாடி இரண்டையும் திறந்து அடைத்துப் பார்ப்பது, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற இன்ஜெக்டர் இரண்டும் தண்ணீர் எடுக்கிறதா என்று பார்ப்பது, மணல் பெட்டியில் காய்ந்த மணல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பது.

மணலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிற நாளெல்லாம் நம் மலைப்பாதையிலும் தண்டவாளம் நனைந்து, மேலே இலையும் சேறும் வழுக்கும். ஏற்றத்தில் சக்கரம் ஒருமுறை சுழன்றுவிட்டால் முன்னே போகிற வேகமும் போச்சு, அடுப்பில் போட்ட தீயும் போச்சு. சுழலும்போது புகைபோக்கி இழுக்கிற இழுப்பில் நெருப்பு கட்டியோடு கிழிந்து மேலே போய்விடும். மணல் குழாய் ஈரத்தில் அடைத்துக்கொண்டால் செகண்ட் ஃபயர்மேன் கீழே குதித்து, இன்ஜினுக்கு முன்னால் நடந்தபடி கையால் தண்டவாளத்தில் மணல் தூவ வேண்டும். நான் தூவியிருக்கிறேன். பின்னால் அவ்வளவு பெரிய இன்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்து வரும், நாம் மழையில் குனிந்தபடி போவோம்.

கரி போடுவதைப் பற்றி. அள்ளி வீசினால் எரியும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, மூலைகளிலும் ஓரங்களிலும் கெட்டியாக, நடுவில் மெலிசாகப் போட வேண்டும். ஒரு ஷவல் போட்டதும் கதவை அடைத்துவிட வேண்டும், திறந்தே வைத்தால் குளிர்ந்த காற்று உள்ளே போய் ஸ்டீம் இறங்கும். செகண்ட் ஃபயர்மேன் கரியும் தண்ணீரும் இருக்கிற பின்பக்கத் தொட்டியான டெண்டரில் கட்டியை உடைத்து, தண்ணீர் தெளித்து, முன்னால் தள்ளித் தருவான். புகை கருப்பாக வந்தால் கரி எரியாமல் வீணாகப் போகிறது என்று அர்த்தம், லேசான சாம்பல் நிறத்தில் வந்தால் சரியாக எரிகிறது. டிரைவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார், புகைபோக்கியைத்தான் பார்ப்பார். உங்கள் தாத்தா அடுப்புப் புகையைப் பார்த்ததற்குக் காரணம் அதுதான் தம்பி. முப்பது வருஷப் பழக்கம் ஓய்வு பெற்றதும் போய்விடாது.

குகையைக் கேட்டீர்கள். நுழைவதற்கு முன்பே நெருப்பை வாகாகத் தயார் பண்ணிவிடுவோம், உள்ளே போனபிறகு கரி போடுவதில்லை. தலைத்துண்டை டெண்டர் தண்ணீரில் நனைத்து மூக்கு வாயை மூடிக் கட்டிக்கொண்டு, கீழே காற்று இருக்கும் என்று காபுக்குள் (டிரைவரும் ஃபயர்மேனும் நிற்கிற இடம்) குனிந்து உட்கார்ந்துகொள்வோம். முன்னால் ஒன்று, பின்னால் தள்ள ஒன்று என இரண்டு இன்ஜின் போகும்போது பின் இன்ஜின்காரர்கள் பாடு ரொம்ப மோசம், முன் இன்ஜின் விட்ட புகையும் அவர்களுக்குத்தான். பெட்டியில் இருந்த துண்டு அதுவாகத்தான் இருக்கும். துவைத்துவிடாதீர்கள்.

அந்தப் பித்தளைத் திருகின் ஓட்டை முழுசாகத் திறந்திருக்கிறதா, இல்லை உள்ளே ஈயம் அடைத்திருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள். அதற்கப்புறம்தான் நான் அதைப் பற்றிச் சொல்ல முடியும்.

பகவதிபுரம் மகள்

அண்ணாச்சி சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்த மணம் திரும்ப வந்துவிட்டது. ஈரக் கரி மேல் தண்ணீர் தெளித்தால் வருமே, அது.

ஆண்கள் எல்லோரும் இன்ஜினுக்குள் நடந்ததைத்தான் சொல்வார்கள், வெளியே எங்களுக்கு என்ன இருந்தது என்று நான் சொல்கிறேன். எங்கள் வீடு லைனை ஒட்டி. என் அம்மா வெள்ளைத் துணியை வண்டி நேரம் பார்த்துத்தான் காயப்போடுவார். மேற்கே போகிற வண்டி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வரும்போது கரித்தூள் மழை மாதிரி விழும், ஒரு வேட்டி விடாமல் கருப்புப் புள்ளி. கண்ணில் விழுந்தால் அம்மா சேலை முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடு பண்ணி ஒற்றுவார். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதை விட முக்கியமானது சாம்பல் குழி. ஷெட்டில் இன்ஜின் வந்து அடுப்பைத் தட்டிக் கொட்டினால் பாதி எரிந்த கரித்துண்டுகள் சாம்பலோடு விழும். அதைப் பொறுக்க விடிவதற்கு முன்னாலேயே கூடையும் சல்லடையுமாகப் பெண்கள் போய்விடுவார்கள். என் பெரியம்மா போவார், சில நாள் என்னையும் கூட்டிப் போவார். மேலே சாம்பல் ஆறின மாதிரி இருக்கும், காலை வைத்தால் உள்ளே தணல். தண்ணீர் ஊற்றி ஆறவைத்து, சலித்து, வெள்ளையாக உருகிக் கட்டியானதை எறிந்துவிட்டு, கருப்பாக இருப்பதை மட்டும் எடுப்போம். டீக்கடை, கொல்லன் பட்டறை, துணி தேய்க்கிறவர் எல்லாரும் வாங்குவார்கள். என் பெரியம்மா இரண்டு பெண் பிள்ளைகளை அந்தக் கூடையில்தான் வளர்த்தார். டீசல் வந்தபோது ஊரெல்லாம் புகை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டார்கள், எங்கள் தெருவில் அடுப்புக் கரிக்கே திண்டாட்டமானது. இந்தப் பெண்களைப் பற்றி எந்த ரயில்வே ரசிகரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கொல்லம் மெயில்

தம்பி கேட்ட "ஏன் இவ்வளவு காலம்" என்ற கேள்விக்கு நான் வருகிறேன். கொல்லத்தில் நாற்பது வருஷமாக இருக்கிறேன், எழும்பூர் - கொல்லம் மெயிலில் மதுரை, விருதுநகர், செங்கோட்டை வழியாக எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை.

முதலில் எண்களைப் பாருங்கள். 1950-51-ல் இந்திய ரயில்வேயிடம் 8,120 நீராவி இன்ஜின்கள், டீசல் வெறும் 17. முப்பது வருஷம் கழித்து 1980-81-ல்கூட நீராவி 7,469 இருந்தது. ஆனால் அடுத்த பத்தே வருஷத்தில், 1990-91-ல், அது 2,915 ஆகிவிட்டது. அதாவது முப்பது வருஷம் மெல்ல நகர்ந்தது, பத்து வருஷத்தில் சரிந்தது. உங்கள் தாத்தா ஓய்வு பெற்ற 1984 அந்தச் சரிவின் நடுவில் இருக்கிறது.

பின்தங்கினதால் வைத்திருந்தோம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுதந்திரம் வாங்கின நாட்டிடம் மண்ணுக்குள் கரி இருந்தது, வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள், அந்நியச் செலாவணிதான் இல்லை. டீசல் எண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டும். கரி இன்ஜினை நாமே செய்ய முடிந்தது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-ல் தொடங்கி 2,351 நீராவி இன்ஜின்கள் செய்தது, நம் மீட்டர்கேஜுக்கான (ஒரு மீட்டர் அகலமான குறுகிய பாதை) ஒய்.பி., ஒய்.ஜி. வகை இன்ஜின்கள் நிறைய ஜம்ஷெட்பூர் டெல்கோவில் செய்தவை. குழாய் ஓட்டையானால், பேரிங் தேய்ந்தால், செங்கோட்டை மாதிரிச் சின்ன ஷெட்டிலேயே கொல்லனும் ஃபிட்டரும் சேர்ந்து சரிபண்ணிவிடுவார்கள். டீசலுக்கு அது நடக்காது, பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வாரணாசி டீசல் தொழிற்சாலையின் முதல் இன்ஜின் 1964-ல் வந்தது, எல்லா லைனுக்கும் போதுமான அளவு செய்து முடிக்கக் காலம் பிடிக்கத்தானே செய்யும். நடுவில் 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது, கையில் இருக்கிற கரி இன்ஜினை உடனே தூக்கிப் போடத் தோன்றுமா? சீனாக்காரர்கள் தாத்துங் தொழிற்சாலையில் பெரிய நீராவி இன்ஜின்களை 1988 வரைக்கும் புதுசாகச் செய்துகொண்டிருந்தார்கள், அவர்களை யாரும் பின்தங்கியவர்கள் என்று சொல்வதில்லை.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கரியில் இருக்கிற சூட்டில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்குதான் வண்டியை இழுக்கிற வேலையாக மாறும், மற்றதெல்லாம் புகைபோக்கி வழியே போய்விடும். நம் தெற்கில் ரயிலுக்கான கரி கிடையாது. அப்போதைய ஆந்திராவின் சிங்கரேணியிலிருந்தும் வங்காளம் பீகார் பக்கமிருந்தும் வர வேண்டும், அந்தக் கரியைச் சுமக்கவே எத்தனை வேகன், எத்தனை இன்ஜின்! போகப் போகத் தரமும் குறைந்து, சாம்பல் அதிகமான கரி வந்தது. சாம்பல் அதிகமானால் அடுப்புக் கம்பியில் கட்டி பிடிக்கும், காற்று ஏறாது, ஸ்டீம் நிற்காது. அதன் கஷ்டம் முழுக்க ஃபயர்மேன் முதுகில்தான் இறங்கியது. அண்ணாச்சிக்கு அது தெரியும்.

இன்னொன்று, மீட்டர்கேஜ் எப்போதும் கடைசிப் பந்திதான். புது டீசலும் மின்சாரமும் முதலில் அகலப் பாதையின் பெரிய லைன்களுக்குப் போயின. அங்கேயே ஜலந்தர் - பெரோஸ்பூர் இடையே கடைசி நீராவி வண்டி ஓடியது 1995 டிசம்பர் 6-ல்தான். 1992-ல் எல்லாப் பாதையையும் ஒரே அகலமாக்குவது என்று முடிவானபோது மீட்டர்கேஜுக்கும் சேர்த்தே நாள் குறித்துவிட்டார்கள். நம் லைனில் கொல்லம் - புனலூர் 2007-ல் மூடியது, மலைப்பகுதி 2010 செப்டம்பரில் மூடியது, 1904-ல் திறந்த பாதை. அகலப் பாதையாகி 2018-ல் திரும்ப வண்டி ஓடியபோது நான் முதல் வாரமே போனேன். பாலமும் குகையும் இருக்கின்றன. ஏற்றத்தில் உள்ளங்காலில் உணருகிற அந்த அதிர்வு இல்லை.

ஒய்.பி., ஒய்.ஜி. பற்றி ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டுதான், ஆனால் ஒய்.பி.யின் சக்கரம் 54 அங்குலம், மூன்று ஜோடி, ஒய்.ஜி.யின் சக்கரம் 48 அங்குலம், நான்கு ஜோடி. சக்கரம் சின்னதானால் வேகம் குறையும், இழுவை கூடும். சமவெளியில் மெயில் ஓட்ட ஒன்று, பாரம் இழுக்க ஒன்று. பழைய போட்டோ கிடைத்தால் சக்கரத்தை எண்ணிப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம்.

பேரன் பேத்திக்கு உயிரோடு இருக்கிற நீராவி இன்ஜினைக் காட்ட வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் - குன்னூர் போங்கள். பல்சக்கரப் பாதை, இப்போது பெரும்பாலும் எண்ணெயில் எரிகிறது. ஆனாலும் அந்த மூச்சு அதேதான்.

கழுதுருட்டிக்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பகவதிபுரம் அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அம்மாவும் சின்ன வயதில் கரி பொறுக்கியிருக்கிறார், இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை.

கலாசி ஐயா, திருகைப் பார்த்தேன். ஓட்டை முழுசாகத் திறந்திருக்கிறது, டார்ச் அடித்தால் வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிகிறது. உள்ளே ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ உருகி வழிந்து உறைந்த மாதிரி ஒட்டியிருக்கிறது. ஆச்சியிடம் கேட்டேன். அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் "ஒரு வருஷம் உங்க தாத்தா ரெண்டு மாசம் வீட்டிலேயே இருந்தாரு, சம்பளம் இல்ல, அப்பத்தான் அத கொண்டு வந்தாரு" என்றார்.

ஷெட் கலாசி

தம்பி, அது லெட் பிளக்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அடுப்புக்கு மேலே கூரை மாதிரி ஒரு தகடு இருக்கும், அதன் கீழே நெருப்பு, மேலே பாய்லர் தண்ணீர். தண்ணீர் மூடியிருக்கிற வரை தகடு தாங்கும். தண்ணீர் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் சில நிமிஷத்தில் பழுத்து, 210 பவுண்டு அழுத்தத்தில் கிழிந்துவிடும், காபில் இருக்கிற யாரும் மிஞ்ச மாட்டார்கள். அதற்குப் பாதுகாப்பாக அந்தத் தகட்டில் நடுவில் ஈயம் அடைத்த பித்தளைத் திருகுகளை மாட்டியிருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகும், ஸ்டீம் அந்த ஓட்டை வழியாக அடுப்புக்குள் பாய்ந்து நெருப்பின் மேல் விழும், சத்தம் ஊரைக் கூட்டும். உடனே நெருப்பைத் தட்டிக் கீழே கொட்டிவிட வேண்டும். அதோடு வண்டி நின்றது.

சமதளத்தில் இது நடப்பது அபூர்வம், நம் மலையில் அப்படி இல்லை. ஏற்றத்தில் போகும்போது இன்ஜின் பின்னால் சாய்ந்திருக்கும், தண்ணீர் அடுப்புப் பக்கம் சேரும், கண்ணாடியில் நிறைய இருக்கிற மாதிரி காட்டும். ஏற்றம் முடிந்து இறக்கத்தில் மூக்கைத் தாழ்த்தியதும் அத்தனை தண்ணீரும் முன்னால் ஓடிவிடும், கண்ணாடியில் சட்டென்று ஒன்றுமே தெரியாது. அதனால்தான் என் டிரைவர் மேலே ஏறி முடிக்கிற நேரம் பார்த்து "ஏலே தண்ணியப் பாரு, தண்ணியப் பாரு" என்று கத்திக்கொண்டே இருப்பார். ஏறும்போதே இன்ஜெக்டர் போட்டு அதிகமாக நிரப்பினால் ஸ்டீம் இறங்கி வண்டி ஏற்றத்திலேயே நின்றுவிடும். நிரப்பாவிட்டால் இறக்கத்தில் பிளக் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடம்தான் ஃபயர்மேனுக்கு. நல்ல கரி இருந்தால் சமாளிக்கலாம். சாம்பல் கரியை வைத்துக்கொண்டு இரண்டையும் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று விசாரணை மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குப் புரியாது. பிளக் போனால் தண்ணீர் பார்க்காதது குற்றம், அவ்வளவுதான். டிரைவர், ஃபயர்மேன் இரண்டு பேருக்கும் சார்ஜ் ஷீட், சம்பளம் நிறுத்தம்.

ஷெட்டில் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதும் உண்டு. ஆனால் அப்படிச் சுத்தமாக எடுத்த பிளக்கை யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து துணியில் சுற்றி வைப்பதில்லை. உள்ளே வழிந்து உறைந்தது இருக்கிறது, ஆச்சி சொன்ன இரண்டு மாதமும் இருக்கிறது. உங்கள் தாத்தா அன்றைக்கு நெருப்பைக் கொட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார், அதனால்தான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார்.

முடிந்தால் ஆச்சியிடம் இன்னொன்று கேளுங்கள், வண்டி எந்தப் பக்கம் போனது என்று. செங்கோட்டைக்கு வருகிற வண்டி என்றால் குகை தாண்டி பகவதிபுரம் இறக்கமாக இருக்கும், அந்த இடம் எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும்.

கழுதுருட்டிக்காரன்

கேட்டேன் ஐயா. "ஊருக்கு வார வண்டி, குகையத் தாண்டிட்டோம்னு நெனச்சோம்" என்று தாத்தா சொன்னாராம்.

ஷெட் கலாசி

அதேதான்.

அந்தப் பிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள் தம்பி. உள்ளே ஒட்டியிருக்கிற ஈயம் உதிர்ந்துவிடும். அவர் சுற்றி வைத்த துணியிலேயே இருக்கட்டும். ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், செங்கோட்டை ஷெட் ஆள் என்று சொன்னால் போதும்.